சுங்கை சிப்புட்டில் விசாரித்து மருந்து தரும் ஒரு கடை

செம்பனை ஆலையில் பணிபுரியும் என் தம்பி, ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டிற்காக மெத்தில்ஃபெனிடேட் உட்கொள்பவர். மாலையானதும் அவர் சாய்ந்து படுத்தால் கால்களை அசைத்தே தீர வேண்டுமென்ற தவிப்பு வரும்; ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ எனப்படும் கால் தவிப்பு நோய் இது. எழுந்து நடந்தால் தணியும். அதற்குத் தைலமும் அவருடைய சளிக்கு மாத்திரையும் வாங்கவே கடைவரிசையிலுள்ள இந்த மருந்தகத்திற்குச் சென்றேன்.

மருந்தாளர் இளம்பெண். “தம்பி அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறாரு அண்ணே? குடைச்சல் எப்போ தொடங்குது?” என்று கேட்டவர், எடுத்து வைத்த குளோர்ஃபெனிரமின் அட்டையைத் தம் பக்கமே இழுத்துக்கொண்டார். தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி மாத்திரைகள் இக்குடைச்சலைக் கூட்டக்கூடும் என்று சொல்லி, மயக்கம் தராத வேறொன்றைக் கொடுத்தார். தைலத்தை விற்க அவர் முனையவே இல்லை.

அவருடைய விளக்கத்திற்கே என் பாராட்டு. மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் இயக்கத்தோடும் இரும்புச்சத்தோடும் தொடர்புடையது இந்நோய். மெத்தில்ஃபெனிடேட்டோ டோபமின் விரைவில் உறிஞ்சப்படாமல் தடுக்கிறது என்பதால், சிலருக்குக் கால் தவிப்பு அதனால் குறையவும் செய்யலாம். ஆனால், காலையில் விழுங்கிய மாத்திரையின் வீரியம் இறங்கும் பொழுதும், நோய் இயல்பாகவே தலைதூக்கும் மாலைப் பொழுதும் ஒன்றாக அமைந்துவிட்டால், குடைச்சல் முன்னிலும் மிகுந்ததாகத் தெரியக்கூடும். நேரம் கழித்து விழுங்கினாலோ தூக்கமே கெடும். சாதாரண மாத்திரை ஏறத்தாழ 4 மணி நேரமும், மெதுவாகக் கரையும் சில வகைகள் 12 மணி நேரம் வரையும் வேலை செய்வதால், இரு நேரங்களையும் குறித்துவந்து மருத்துவரிடம் காட்டச் சொன்னார். தாமாக நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது என்பதில் கண்டிப்பு.

இரும்புச்சத்து மாத்திரையைத் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம் என்றும், பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழிருந்தால் மருத்துவர் இரும்பைப் பரிந்துரைப்பதுண்டு என்றும் கூறி, முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தேவையின்றி இரும்பைச் சேர்ப்பதும் கேடுதான். தே தாரேக் எனும் பால் தேநீருடன் இரும்பு மாத்திரையை விழுங்கினால் உடலில் சரியாக ஒட்டாது என்பது நம்மவர்களுக்கு அவசியமான எச்சரிக்கை.

குறையும் உண்டு. ஆலோசனைக்கென்று தனி மறைவிடம் இல்லாததால் வரிசையில் நிற்போர் அனைவரும் கேட்கிறார்கள். நாம் வீடு சேருமுன் செய்தி தோட்டத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடும். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம், இருப்பும் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.