அப்பாவின் வேதாகமத்துக்கு மறுதையல்: நாகர்கோவிலில் ஒரு பைண்டிங் கடை

விளிம்பை வெட்டாமல் தைத்துக் கொடுப்பார்களா என்பதுதான் எனக்கு முதல் கேள்வியாக இருந்தது. இந்தக் கடைக்காரர் வெட்டவில்லை. அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். குறையும் எழுதப் போவதால் பெயரை விட்டுவிட்டேன்.

கடை மீனாட்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வெளியே பலகை கிடையாது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவருடைய மருமகனும் வேலை செய்கிறார்கள். மைதா பசை கொதிக்கும் வாசனையை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். பூச்சி வராமல் இருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் சேர்க்கிறார்கள். அலமாரியில் வக்கீல் ஒருவரின் சட்டப் புத்தகங்கள், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடுகள், புதிதாகச் சிவப்புக் காலிகோ துணி அட்டை போட்ட, அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு ஒன்று. அதன் பக்கத்தில்தான் அப்பாவின் வேதாகமத்தை வைத்தேன். அட்டை பிய்ந்து, ஆதியாகமம் தனியாக, வெளிப்படுத்தின விசேஷம் தனியாகக் கழன்று, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

இதற்கு முன் வேறோர் ஊரில் பட்ட பாடு ஒன்று உண்டு. அம்மாவின் கீர்த்தனைப் புத்தகத்தைத் தைக்கக் கொடுத்திருந்தோம். பளபளவென்று திரும்பி வந்தது. மூன்று பக்கமும் மெஷினில் வைத்துச் சீராக வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே, எந்த மெட்டில் பாட வேண்டும் என்று அம்மா எழுதி வைத்திருந்த வரிகள் எல்லாம் அந்த வெட்டில் போய்விட்டன. நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் வயிறு எரிகிறது.

அப்பாவின் வேதாகமத்தில் விளிம்புதான் முக்கியம். திங்கள்சந்தையில் அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. காதில் செருகியிருக்கும் கணக்குப் பென்சிலாலேயே வேதாகமத்திலும் எழுதுவார். 1963இல் வாங்கிய புத்தகம் அது. 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு, நம் சபைகளில் இன்றும் வாசிக்கிறோமே, அதுதான். விளிம்பு ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அதில் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. யார் சொன்னது, எந்த ஆண்டு, பிறகு ஒரு குறி. சரி என்றால் ஒரு கோடு, ஏற்க முடியாது என்றால் பெருக்கல் குறி, இன்னும் பார்க்க வேண்டும் என்றால் சின்ன வட்டம். எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் வட்டங்கள்தான் அதிகம்.

நம் குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் தேவை புரியும். 1806இல் லண்டன் மிஷன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் இரட்சணிய சேனை, 1907இல் மிசூரி லுத்தரன், பிறகு பிரதரன், பெந்தெகொஸ்தே என்று ஒவ்வொரு சபைப் பிரிவினராக வந்துகொண்டே இருந்தார்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஞானஸ்நானத்தைப் பற்றி மூன்று விதமான பிரசங்கம் கேட்கலாம். அப்பா தென்னிந்திய ஐக்கிய சபை இருந்த காலத்தில் குழந்தையாகத் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர். 1947இல் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவருக்குப் பதின்மூன்று வயது. சாகும்வரை நெய்யூர் பக்கத்துச் சபையை விட்டு அவர் மாறவில்லை. ஆனால் யார் கூட்டம் போட்டாலும் சந்தை முடிந்ததும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வசனத்தைத் திறந்து பார்ப்பார். பெரோயா பட்டணத்தாரைப் பற்றி அப்போஸ்தலர் 17:11இல், "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்ததினால்" அவர்கள் நற்குணசாலிகள் என்று வருகிறதல்லவா? அந்த வசனத்தில் "தினந்தோறும்" என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரப் பக்கத்தைப் பாருங்கள். பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது 33ஆம் வசனம். வலது விளிம்பில்: "நெ. ஐயர் 1969. வீட்டார் என்றால் பிள்ளைகளும்தான்." (சபைப் போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். நெ. என்றால் நெய்யூர்.) அதற்குக் கீழே: "பிரதரன் மூப்பர், மார்த்தாண்டம் 1970. 34இல் வீட்டார் அனைவரோடும் விசுவாசமுள்ளவனாகி என்று இருக்கிறது. கைக்குழந்தை எப்படி விசுவாசிக்கும்?" அதற்கும் கீழே அப்பாவின் சொந்த வரி: "இருவரும் ஒரே பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். 32ஐயும் சேர்த்து வாசிக்க." பக்கத்தில் வட்டம். இடது விளிம்பில், பிற்காலத்து நடுங்கும் எழுத்தில்: "சேனையில் ஞானஸ்நானமே இல்லை. கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியில் இவளைக் கையில் வாங்கித் தந்த நர்சம்மா விசுவாசி இல்லையா?" அந்த ஆஸ்பத்திரி இரட்சணிய சேனையுடையது. அந்த "இவள்" நான்தான்.

ஆவியின் வரமாகத் தெரியாத மொழியில் பேசுவதை அந்நியபாஷை என்பார்கள். அதற்கு இரண்டு இடங்களில் அம்புக்குறி போட்டிருக்கிறார். முதலாம் கொரிந்தியர் 12:30இல், "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்ற கேள்வியின் அருகே: "பேசாதவனுக்கு ஆவியில்லை என்று சொல்வோருக்கு." 14:39இல், "அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள்" என்ற இடத்தில்: "நம் சபையாருக்கு." இரண்டுக்கும் சரிக்குறி. எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை. எதிராளிக்கான வசனத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிற நம் வழக்கம் அப்பாவிடம் இல்லை.

பெண்கள் உபதேசிக்கலாமா என்ற விஷயத்தில் அவர் மாறியிருக்கிறார். கூடாது என்கிற முதலாம் தீமோத்தேயு 2:12இல் 1971இல் போட்ட சரிக்குறியை அடித்துவிட்டு, 1988இல் வட்டம் போட்டு, "அப். 18:26. பிரிஸ்கில்லாளும் சேர்ந்துதான் அப்பொல்லோவுக்கு விளக்கினாள்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஆண்டுதான் நான் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். வீட்டில் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எல்லாவற்றையும் அப்படி வட்டத்தில் விட்டுவிடுகிறவரும் அல்ல. எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டுகிறேன் என்று வருகிற மூன்றாம் யோவான் 2ஆம் வசனத்துக்கு அருகில் பெருக்கல் குறியைப் போட்ட வேகத்தில் தாளே கிழிந்திருக்கிறது. விதை போடு, நூறு மடங்கு வரும் என்று ஒரு பெரிய கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்த இரவு எழுதியது: "இது கடிதத்தின் தொடக்கத்தில் காயுவுக்குச் சொன்ன வாழ்த்து. நலம், நலமறிய ஆவல் என்று நாமும் எழுதுகிறோம். இதைக் காட்டி ஏழையிடம் பணம் வாங்கலாமா?" 1995இல் திருவிவிலியம் வெளிவந்த பிறகு, பக்கத்துக் கடைக்காரர் வீட்டிலிருந்து அதை இரவல் வாங்கி வந்து இதே வசனத்தை ஒப்பிட்டுப் பார்த்த குறிப்பும் கீழே இருக்கிறது. கத்தோலிக்கர் வீட்டுப் புத்தகம் எதற்கு என்று அம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் ரப்பர் பேண்டில் கிடந்த புத்தகத்தை இப்போது ஏன் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றால், அண்ணன் மகள்தான் காரணம். போன ஆண்டு அவள் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், குழித்துறை ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அண்ணன் எங்கள் சபையில் கமிட்டி மெம்பர். குழந்தையில் கொடுத்தது செல்லாது என்று அவள் சொல்வதைத் தன் தகப்பனையே செல்லாது என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. "அத்தை, தாத்தா இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்?" என்று ஒருநாள் அவள் வந்து கேட்டாள். ரோமர் 6:4ஐ எடுத்துக் காட்டினேன். "அடக்கம்பண்ணப்பட்டோம் என்பதற்கு முழுக்குத்தான் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தண்ணீரின் அளவைப் பற்றி இங்கே பேச்சில்லை, மரித்ததைப் பற்றியே பேச்சு" என்று இருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு தாள் கழன்று தரையில் விழுந்தது. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

இனி வேலையைப் பற்றி. பெரியவர் வாங்கியவுடன் அட்டையைப் பார்க்கவில்லை. நடுவில் விரித்து, பாரம் என்று சொல்கிற மடித்த தாள்கட்டை ஒவ்வொன்றாகத் தள்ளி, மடிப்பில் நூல் போன தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பைபிள் தாள் வெங்காயத் தோல் மாதிரி, அவசரப்பட்டால் ஊசியோடு வந்துவிடும் என்றார். விளிம்பை வெட்டக் கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "எழுத்து இருக்கிற புத்தகத்தை நான் மெஷினில் வைப்பதில்லை, அம்மா" என்றார். நான் இன்னும் மூன்று தடவை சொன்னேன். அவர் கோபப்படாமல், அட்டைத் துண்டு ஒன்றில் "வெட்டாதே" என்று பெரிதாக எழுதிப் புத்தகத்துக்குள் செருகினார்.

பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். பன்னிரண்டாம் நாள் தயாராக இருந்தது. 650 ரூபாய். ரெக்சின் வேண்டாம், கறுப்புக் காலிகோ போதும் என்று கேட்டிருந்தேன், அப்படியே செய்திருந்தார். முதுகு இறுகாமல், மேசையில் வைத்தால் எந்தப் பக்கமும் விரிந்தபடி நிற்கிறது. 3 யோவானில் கிழிந்திருந்த இடத்துக்குப் பின்பக்கமாக மெல்லிய தாள் கீற்று வைத்து, பென்சில் எழுத்து ஒன்றுகூட மறையாமல் ஒட்டியிருக்கிறார். அதைச் செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை. காசு கொடுக்கும்போது, "உங்கள் அப்பா பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறார்" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. தைத்த நாட்களில் வாசித்திருக்கிறார்.

குறை இதுதான். மடிப்பு நைந்துபோன முதல் இரண்டு பாரத்தையும் கடைசி இரண்டு பாரத்தையும் மடிப்புக்குள் தைக்க முடியாது என்று, ஓரத்தில் குறுக்காகப் பக்கத் தையல் போட்டிருக்கிறார். அதனால் உள்விளிம்பில் கால் அங்குலத்தைத் தையல் விழுங்கிவிட்டது. ஆதியாகமத்தில் பரவாயில்லை, அங்கே அப்பா அதிகம் எழுதவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்விளிம்பு முழுவதும் எழுத்து. வெளிவிளிம்பை எப்படிக் காப்பாற்றுவது என்றே யோசித்துக்கொண்டிருந்த நான், உள்விளிம்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. இதைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். முகம் வாடிவிட்டது. அவிழ்த்து, ஒவ்வொரு தாளுக்கும் கீற்று ஒட்டி மடிப்பு உண்டாக்கித் தைக்கலாம், கூலி வேண்டாம், ஆனால் தாள் இன்னொரு ஊசியைத் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வேண்டாம் என்று எடுத்துவந்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கடைக்குக் கொடுக்கிறவர்கள் செய்ய வேண்டியது: கொடுப்பதற்கு முன் எழுத்துள்ள எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பில் எழுத்து இருந்தால் அந்தப் பக்கங்களில் சீட்டு வைத்து, முதலிலேயே கீற்று ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு வாரமும் கொஞ்சம் பணமும் ஆகும். அவசர வேலை என்றால் இங்கே போகாதீர்கள். கொடுத்த மறுநாளே கேட்கிறவர்களுக்கு அவர் முடியாது என்றே சொல்லிவிடுகிறார். சபைகளிலிருந்து மொத்தமாகப் பாட்டுப் புத்தகம் கொடுப்பவர்களுக்கும் வேறு கடைதான் சரி. வீட்டில் பழைய வேதாகமம் ஒன்றுதான் இருக்கிறது, அதில் ஒருவர் கை பட்டிருக்கிறது என்றால், என் அனுபவத்தில் இவரைவிட நல்ல கையைப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் அம்மாவின் கீர்த்தனைப் புத்தகத்தையும் இவரிடமே கொண்டுபோகிறேன்.

அண்ணன் போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, அப்போஸ்தலர் 16ஐக் கேட்டு வாங்கி வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மகளுக்கு அனுப்பினாரா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

வெளிப்படுத்தின விசேஷம் 20இல், கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ அரசாட்சி வரும் பக்கத்தில், உள்விளிம்பில் அப்பா எழுதியதில் பாதிதான் இப்போது தெரிகிறது. "இருபது வருஷமாக நான் நம்பியது" என்று தொடங்குகிறது. அடுத்த வரியில் "மூப்பர் சொன்னதும்" என்பது மட்டும். மற்றது தையலுக்குள் இருக்கிறது. கடைசியில் அவர் போட்ட வட்டம், நூலுக்கு வெளியே, முழுசாகத் தெரிகிறது.