பேபிளேட் எக்ஸ்: சொந்தமாக ஒரு பம்பரம் வடிவமைக்க ஆசையா?

அக்கா மகனுக்காக வாங்கிய பேபிளேட் எக்ஸ், அதாவது பம்பரங்களை ஒன்றோடொன்று மோதவிடும் ஜப்பானிய விளையாட்டு, வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் இரண்டு பம்பரம், அவை மோதிக்கொள்ள ஒரு ஸ்டேடியம். இப்போது நான்கு பம்பரம், ஒரு டப்பா நிறைய உதிரிகள், அப்புறம் நாங்களே வரைந்து செய்த ஒன்று. வெறும் விளையாட்டுச் சாமான் என்று பார்த்தால் விலை அதிகம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பையன் ஒரு பொருளை ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தானாகக் கேட்கத் தொடங்கியதை இந்த எட்டு மாதத்தில் நான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு பம்பரத்தில் மூன்றே பாகங்கள். மேலே பிளேட், அதாவது துத்தநாகக் கலவை உலோகத்தில் வார்த்த தலை, மோதுவது இதுதான். நடுவில் ராட்செட், தலையையும் அடியையும் பூட்டிப் பிடிக்கும் பாகம். அடியில் பிட், நம் பம்பரத்தில் ஆணி செய்யும் வேலையை இது செய்கிறது. பிட்டை ராட்செட்டுக்குள் அழுத்திச் செருகி, அதை பிளேடின் அடியில் வைத்துத் திருகினால் முடிந்தது, திருப்புளி எதுவும் வேண்டாம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: டிரான் சோர்ட் 3-60எஃப் என்றால் பிளேடின் பெயர் டிரான் சோர்ட், ராட்செட்டில் 3 முனைகள், உயரம் 6.0 மில்லிமீட்டர், பிட் ஃபிளாட், அதாவது தட்டை வகை. விசார்ட் ஆரோ 4-80பி என்றால் 4 முனை, 8.0 மில்லிமீட்டர், பால், அதாவது உருண்டை முனை வகை பிட். இந்தப் பெயர் வைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, ஏனென்றால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே அது எப்படிச் சுற்றும் என்று பையன் ஊகம் சொல்லத் தொடங்கிவிடுகிறான்.

பழைய பேபிளேடில் இல்லாத புதுமை ஸ்டேடியத்தில் இருக்கிறது. விளிம்பை ஒட்டிப் பல் வைத்த ஒரு தண்டவாளம், பிட்டின் இடுப்பிலும் பல். இரண்டும் கடித்துக்கொண்டால் பம்பரம் கிர்ர்ரென்று ஒரு சத்தத்தோடு விளிம்பில் சீறிப் பாய்ந்து எதிரியின் மேல் விழுகிறது, கண் தொடர்வதற்குள் முடிந்துவிடும். எதிரியை எக்ஸ்ட்ரீம் குழிக்குள் தள்ளினால் 3 புள்ளி, பக்கக் குழிகளில் தள்ளினால் 2, பாகம் பாகமாகக் கழன்று சிதற வைத்தால் 2, கடைசிவரை சுற்றிக்கொண்டு நின்றால் 1. முதலில் 4 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. இந்தக் கணக்கு நன்றாக யோசித்து வைத்தது. நின்று சுற்றுவது பாதுகாப்பான வழி, ஆனால் அதற்குக் கூலி குறைவு; பாய்ந்து அடிப்பது ஆபத்து, கிடைத்தால் பெரிதாகக் கிடைக்கும். என்ன பாகத்தைப் பொருத்துகிறோம் என்பது அப்படியே என்ன ஆட்டம் ஆடப்போகிறோம் என்ற முடிவு.

முதல் வாரம் முழுக்கப் பையன் தோற்றான். "மாமா, என்னோடது மட்டும் ஏன் ஓடி ஓடிச் செத்துப் போகுது?" என்று ஒருநாள் அழாத குறையாகக் கேட்டான். அவன் கையில் டிரான் சோர்ட், என்னிடம் விசார்ட் ஆரோ. "பிட்டை மட்டும் மாத்திப் பாருடா, வேற எதையும் தொடாதே" என்றேன். ஃபிளாட்டைக் கழற்றிவிட்டு என்னுடைய பால் பிட்டைப் போட்டான். அதே தலை, அதே ராட்செட், ஆனால் பம்பரத்தின் குணமே மாறிவிட்டது: ஸ்டேடியம் முழுக்க அலைந்தது இப்போது நடுவில் அமைதியாக நின்று சுற்றியது. ஃபிளாட்டின் அடி அகலம், தரையில் உரசி உரசித்தான் அது ஓடுகிறது, அந்த உரசலிலேயே சுழற்சியும் தீர்ந்துபோகிறது. உருண்டை முனை தொடுவது ஒரு புள்ளியளவு இடம்தான். அன்று இரவு அவன் ஒரு கணக்கு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு சேர்க்கைக்கும் பத்து ஆட்டம் என்று எழுத ஆரம்பித்தான். ஒரு தடவைக்கு ஒரு பாகம்தான் மாற்ற வேண்டும் என்ற விதியை நான் ஒருமுறைதான் சொன்னேன், இப்போது நான் மீறினால் அவன் என்னைத் திட்டுகிறான்.

நோட்டில் கிடைத்த இன்னொரு சங்கதி உயரம். 80 உயர ராட்செட் போட்டால் தலை மேலே போய்விடுகிறது, தாழ்வாக வரும் 60 அதன் ராட்செட்டிலேயே நேராகப் போய் இடிக்கிறது, சிதறல் அதிகம். ஆனால் சுழற்சி குறைந்து சாயும் நேரத்தில் உயரமானதற்குத் தரை இடிக்கச் சற்றுத் தாமதமாகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு, எல்லாவற்றிலும் ஜெயிக்கும் ஒரு சேர்க்கை எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எடை எவ்வளவு என்பதைவிட எடை எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். நகைத் தராசில் டிரான் சோர்ட் தலை 35 கிராமை ஒட்டி நின்றது. அதே எடை அச்சுக்குப் பக்கத்தில் குவிந்திருந்தால் ஒரு பலன், விளிம்பில் பரவியிருந்தால் வேறு பலன், ஏனென்றால் மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகிறது. 2024இல் வந்த விசார்ட் ராட் உலகம் முழுக்கப் போட்டிகளில் ஓங்கி நின்றதற்குக் காரணம் இதுதான், கனத்தை விளிம்புக்குத் தள்ளிய வடிவம் அது. பள்ளிக்கூடத்தில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தேன். உள்ளங்கையில் வைத்து உணர்ந்தது இப்போதுதான்.

இந்த வம்சத்தின் மூதாதை ஜப்பானின் பேகோமா. வார்ப்பிரும்பில் செய்த சின்னப் பம்பரம், கயிறு சுற்றி, வாளியின் மேல் இழுத்துக் கட்டிய துணியில் வீசி மோதவிடுவார்கள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள கவாகுச்சி அதற்குப் பேர்போன வார்ப்பட ஊர். வாங்கிய பேகோமாவைப் பிள்ளைகள் அப்படியே ஆட மாட்டார்கள், தாழ்வாக இருக்கவும் முனை கூராக இருக்கவும் தேய்த்துத் தேய்த்துத் தயார் செய்வார்கள். நாமும் கடையில் வாங்கிய பம்பரத்தின் ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்து, சிமெண்டுத் தரையில் ராவி, அப்புறம்தானே ஆக்கர் வைக்கக் கிளம்பினோம். டகாரா நிறுவனம் 1999இல் பேபிளேடைக் கொண்டுவந்தபோது அந்தத் தேய்க்கும் வேலையைக் கழற்றி மாட்டும் வேலையாக மாற்றியது. 2006இல் டோமியோடு இணைந்து டகாரா டோமி ஆனது, 2008இல் உலோகத் தலை, 2015இல் சிதறும் பர்ஸ்ட் வரிசை, 2023 ஜூலையில் இந்த எக்ஸ்.

சரி, சொந்தமாக வடிவமைத்த கதைக்கு வருகிறேன். பையன் ஒரு நண்டு வரைந்தான். இரண்டு பக்கமும் கொடுக்கு, ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நிஜ நண்டு அப்படித்தான் இருக்கும் என்றான். அட்டையில் வெட்டி நடுவில் பென்சில் செருகிச் சுற்றினால் தள்ளாடுகிறது. ஏன் என்று அவனே கண்டுபிடித்துக் கொடுக்கை மூன்றாக்கி, ஒரே அளவில் சமதூரத்தில் வைத்தான். அதைக் கணினியில் வரைந்து, பக்கத்துத் தெருவில் முப்பரிமாண அச்சு எடுத்துத் தரும் கடையில் கொடுத்தோம். கஷ்டம் கொடுக்கில் இல்லை, அடியில் ராட்செட் பூட்டிக்கொள்ளும் பற்களில். வெர்னியரில் அளந்து அளந்து மூன்றாவது தடவைதான் சரியாகப் பூட்டியது; முதல் தடவை திருகவே முடியவில்லை, இரண்டாவது தடவை தானாகக் கழன்றது.

அச்சிட்ட தலை 11 கிராம்தான் இருந்தது. விசார்ட் ஆரோ தொட்டதும் பறந்தது. பையன் முகம் வாடிவிட்டது, ஆனால் நோட்டை எடுத்து "எடை வேணும், விளிம்புல வேணும்" என்று எழுதினான். அந்த ஒரு வரிக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது. சைக்கிள் கடையில் கால் அங்குல பால்ரஸ் குண்டு பன்னிரண்டு வாங்கி வந்தோம், ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குச் சற்று மேல். விளிம்பில் பன்னிரண்டு குழி வைத்து மறுபடி அச்சிட்டு, குண்டுகளை உள்ளே வைத்து மேலே பசை ஊற்றி மூடினோம். இப்போது 24 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே பால் பிட்டில், குண்டு இல்லாதபோது சுற்றியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் சுற்றியது. ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: உலோகத் தலையோடு இதை மோதவிடாதீர்கள். பிளாஸ்டிக் பிளந்து குண்டு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. நாங்கள் தனியாகச் சுற்றவிட்டு நேரம் பார்ப்பதோடு சரி, அதற்கும் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். வீட்டில் செய்த பாகங்களுக்கு முறையான போட்டிகளில் அனுமதி கிடையாது என்பதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. ஸ்டேடியம் இல்லாமல் இதை வாங்குவதில் அர்த்தமே இல்லை, வெறும் தரையில் விட்டால் அந்தப் பற்களுக்கு வேலை இல்லை. பிட் பிளாஸ்டிக் என்பதால் ஆட ஆட முனை தேய்ந்து குணம் மாறும். 2025இல் வந்த சிஎக்ஸ் வரிசையில் தலையையே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்களுக்குக் கொண்டாட்டம், ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கச் சிரமம். முதலில் மூன்று பாக வரிசையே போதும்.

போலிகள் ஏராளம். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன். தலை ஒரு பக்கம் கனம், விட்டதும் உதறியது, ராட்செட் பூட்டவே இல்லை. பணம் திரும்பி வர மூன்று வாரம் அலைந்தேன். ஹாஸ்ப்ரோ விற்பது போலி இல்லை, ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் உரிமம் பெற்று விற்பவர்கள் அவர்கள். பெயரை மட்டும் திருப்பி சோர்ட் டிரான் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

என் யோசனை: டிரான் சோர்ட், விசார்ட் ஆரோ இரண்டும் ஒரு ஸ்டேடியமும் போதும். இரண்டு தலை, இரண்டு ராட்செட், இரண்டு பிட், மொத்தம் எட்டுச் சேர்க்கை. அது சலித்த பிறகு ஹெல்ஸ் சைத், நைட் ஷீல்ட் என்ற இரண்டு பம்பரங்களையும் சேர்த்தால் 64. கூடவே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

பையன் இப்போது இடதுபக்கம் சுற்றும் நண்டு வரைந்துகொண்டிருக்கிறான், கோபால்ட் டிராகூன் என்ற பம்பரம் எதிர்த்திசையில் சுற்றி எதிரியின் சுழற்சியையே வாங்கிக்கொள்வதைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. அதற்குத் தனி லாஞ்சர், அதாவது பம்பரத்தைச் சுழற்றி விடும் கருவி, வேண்டும், பூட்டும் பற்களையும் திருப்பி வரைய வேண்டும். பாதி வரைந்தாகிவிட்டது.