தருமபுரியில் ஓர் உளவியல் சிகிச்சை மையம்: பதினாறு அமர்வுகள் முடிந்தபின்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், மருத்துவ உளவியலாளர் ஒருவர் தனியாக நடத்திவரும் சிறிய மையம் இது. கை கழுவுவதை நிறுத்த முடியாத என் நோய்க்காகச் சென்ற ஆண்டு ஆனி மாதம் தொடங்கிக் கார்த்திகை வரை பதினாறு முறை அங்கே சென்று வந்தேன். பெயரை எழுதினால், அந்தப் படியேறுகிற ஒவ்வொருவரையும் ஊர் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே நடந்தது என்ன, அது எதற்கு உதவியது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் உளவியல் சிகிச்சை என்றாலே அறிவுரை கேட்டுவிட்டு வருவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

காரிமங்கலம் பக்கத்தில் நியாய விலைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். 2020-ஆம் ஆண்டு இறுதியில் எங்களுக்கு விரல்ரேகைக் கருவி வந்தது. அடுத்த ஆண்டு கொரோனா நிவாரணத் தொகையை 2,000 ரூபாய் வீதம் இரண்டு தவணைகளாக என் கையால்தான் எண்ணிக் கொடுத்தேன். ஊரே தொடுகிற கருவி, ஊரே தொட்ட தாள்கள். அந்த நாள்களில் அடிக்கடி கை கழுவுவதைப் பொறுப்பான செயல் என்றே எல்லோரும் பாராட்டினார்கள். தொற்று ஓய்ந்த பின்னும் என் கை ஓயவில்லை. மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் கழுவுவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒகேனக்கல் குடிநீர் தினமும் வராத வீட்டில், டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் முழுவதும் என் முழங்கை வழியே ஓடிக்கொண்டிருந்தது. புறங்கைத் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. அதைவிடக் கொடியது, "நான் நல்லாக் கழுவினேன்தானே? பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?" என்று என் கணவரை நாள்தோறும் நாற்பது முறையாவது கேட்டதும், அவர் பொறுமையாக, "ஒண்ணும் ஆகாது, விடு" என்று நாற்பது முறையும் பதில் சொன்னதும்.

இதற்கு முன் வேறொரு ஊரில் ஓர் ஆலோசகரிடம் சென்றிருந்தேன். "அதையே நினைக்காதீர்கள், மனத்தை வேறு பக்கம் திருப்புங்கள்" என்று முக்கால் மணி நேரம் பேசி அனுப்பினார். நினைக்காமல் இருக்க முடிந்திருந்தால் நான் பேருந்து ஏறி அவரிடம் போயிருக்கவே மாட்டேன். என் மன உறுதியில்தான் குறை என்ற குற்ற உணர்வுடன் திரும்பினேன்.

தருமபுரி மையத்தில் முதல் அமர்வு ஒன்றரை மணி நேரம் நடந்தது. உளவியலாளர் பெரும்பாலும் கேள்வி கேட்டார், குறித்துக்கொண்டார். யேல்-பிரௌன் அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட வினாப் பட்டியலை வைத்து மதிப்பிட்டதில், 40-க்கு 28 வந்தது. ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய், அதுவும் கடுமையான நிலை என்றார். பிறகு ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினார்: அஞ்ச வைக்கும் எண்ணம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, கழுவுகிறேன், சற்று நேரம் நிம்மதி கிடைக்கிறது, கழுவியதால்தான் ஆபத்து நீங்கியது என்று மூளை அந்த நிம்மதியிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் உரக்கக் கழுவச் சொல்கிறது. கணவர் சொல்லும் "ஒண்ணும் ஆகாது" என்ற ஆறுதலும் இதே வட்டத்துக்குள் இன்னொரு கை கழுவல்தான் என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் அன்பு என்று நாங்கள் நினைத்திருந்ததே நோய்க்குத் தீனியாகியிருந்தது.

மருந்தும் தேவைப்படலாம் என்று கூறி அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். மருந்து எழுதும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்கிற ஒருவரிடம்தான் நம்பிக்கை பிறக்கிறது.

அங்கே எனக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் சாரம், அஞ்சுவதை எதிர்கொண்டுவிட்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு எழுதியதிலிருந்து வளர்ந்து வந்த முறை இது. இருவரும் சேர்ந்து பதினான்கு படிகளுள்ள ஓர் ஏணியை எழுதினோம். ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை நானே பதற்ற மதிப்பெண் போட வேண்டும். மையத்தின் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழுவாமல் இருப்பதற்கு 25 போட்டேன். கடையிலிருந்து வந்து, எல்லோரும் கழுவுவதுபோல ஒரே ஒரு முறை கை கழுவிவிட்டு, ராகிக் களி உருட்டி மகளுக்குப் பரிமாறுவதற்கு 95. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் களி கிளறுவதும் உருட்டுவதும் கணவர்தான்.

ஐந்தாவது அமர்வில் என்னைக் கீழே அழைத்துச் சென்று படிக்கட்டுக் கைப்பிடியை முதலில் தாம் முழுக்கைப் பிடியாகப் பிடித்தார், பிறகு என்னைப் பிடிக்கச் சொன்னார். 80 என்றேன். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடத்தில் அது 45-க்கு இறங்கியது. அடுத்த வாரம் இறங்கவே இல்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ, பதற்றம் இறங்காமலே ஒரு மணி நேரம் கழுவாமல் இருந்தீர்களே, தாங்க முடிகிறது என்று தெரிந்ததல்லவா, அதுதான் இன்றைய பாடம் என்றார். அன்று தாங்கமாட்டாமல், "மேடம், இதனால என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?" என்று கேட்டுவிட்டேன். "அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாமலே இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கோபத்தில் பேருந்தில் காரிமங்கலம் வரும்வரை அழுதேன். அந்தப் பதிலுக்காகத்தான் இன்று அவருக்கு மிகவும் நன்றியுடையவளாக இருக்கிறேன். இவ்வளவு கருணையோடு எனக்கு யாரும் ஆறுதலை மறுத்ததில்லை.

ஒன்பதாவது அமர்வுக்குக் கணவரையும் வரச் சொன்னார். பதில் சொல்லாமல் விட்டால் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவேனே என்று அவர் கலங்கினார். மூவருமாகப் பேசி ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம்: "அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்." முதல் இரண்டு வாரம் வீட்டில் நரகம். மூன்றாவது வாரம் கேள்விகள் பத்துக்கும் கீழே குறைந்தன. குடும்பத்தினரை அழைத்துப் பேசாத மையமாக இருந்தால், இந்த நோய்க்கு அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடத்துக்கும் அறைக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்புதான், உரக்கப் பேசினால் வெளியே கேட்கிறது. அதைச் சொன்னபின் வெளியே மின்விசிறியை வேகமாகச் சுழலவிடுகிறார்கள், அது போதாது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளுக்கான தாள் முதலில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் கேட்டபின்தான் தமிழில் எழுதித் தந்தார். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் கேட்கத் தயங்கி அதை மடித்து வைத்தார்களோ என்று வருந்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஓர் அமர்வுக்கு 700 ரூபாய் வீதம் மொத்தம் 11,200 ரூபாய் ஆனது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், என் காப்பீட்டில் வெளிநோயாளர் செலவு எதற்குமே இடமில்லாததால் முழுவதும் கைப்பணம்தான்.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனையில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வாரந்தோறும் ஒரு நாள் முழுவதும் கடையை மூட முடியாத எனக்கு, அரை நாளில் முடிகிற தருமபுரியே வாய்த்தது. எங்கே சென்றாலும், மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். இங்கே சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள். உடனே எங்கும் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கடைசி அமர்வில் யேல்-பிரௌன் அளவுகோலில் என் மதிப்பெண் 40-க்கு 11. முற்றிலும் நீங்கவில்லை. மாதத் தொடக்கத்தில் கடையில் கூட்டம் சேரும் நாள்களில் இரண்டாவது முறை கழுவ இன்னும் கை போகிறது, சில நாள் கழுவியும் விடுகிறேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார். ஏணியின் 95 மதிப்பெண் படியைக் கார்த்திகையில் ஏறினேன். கணவர் களியைக் கிளறித் துடுப்பை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார், நான் உருட்டினேன், மகள் கீரைக் குழம்பைக் குழிக்குள் ஊற்றிக்கொண்டு இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.