ஸ்கிரீன் பாஸில் லைன்மேன் எவ்வளவு தூரம் போகலாம்? மூன்று விதிநூல்கள், மூன்று கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஸ்கிரீன் பாஸ் என்பது தடுப்பாளர்களின் மறைவில் நிற்பவருக்கு எறியும் குறும்பாஸ். அதன் உயிரே முன்வரிசைத் தடுப்பாளர்களான (லைன்மேன்) கார்டும் சென்டரும்தான். எதிரணியை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஓடி, பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்குக்கு வழி திறக்கிறார்கள். பந்தைப் பிடிக்கத் தகுதியில்லாத இவர்கள், பந்து எறியப்படும் முன், ஆட்டம் தொடங்கும்போது பந்து இருந்த கோட்டைத் தாண்டி எவ்வளவு போகலாம்? தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 1 கெஜம், உயர்நிலைப் பள்ளிகளுக்கான என்எஃப்எச்எஸ் விதியில் 2, கல்லூரிகளுக்கான என்சிஏஏ விதியில் 3. மீறினால் மூன்றிலும் 5 கெஜம் அபராதம்.

தூரத்தைவிடப் பெரிய வேறுபாடு, பந்து கோட்டைத் தாண்டியதா என்பதில் இருக்கிறது. பள்ளி, கல்லூரி விதிகளில் பாஸ் கோட்டைத் தாண்டாவிட்டால் இந்தக் குற்றமே இல்லை. லைன்மேன் 10 கெஜம் ஓடியிருந்தாலும் தவறைக் காட்டும் நடுவரின் கொடி விழாது. என்எஃப்எல்லில் அந்தத் துணிச்சல் கூடாது. அங்கே பந்து கையைவிட்டுக் கிளம்பும் நொடிதான் அளவுகோல்.

ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம். சொந்த 30 கெஜக் கோட்டில் (தன் கோல் கோட்டிலிருந்து 30 கெஜம்) ஸ்னாப், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார். எறியும்போது கார்டு 32½-இல் நிற்கிறார், பாஸ் கோட்டைத் தாண்டுகிறது. கல்லூரியில் சரி, மற்ற இரண்டிலும் தவறு. அவரே 34-இல் நின்று, ரன்னிங் பேக் 29-இல் பிடித்தால் பள்ளியிலும் கல்லூரியிலும் தப்பில்லை. 31-இல் பிடித்தால் இரண்டிலும் கொடி. பந்து 25-க்குத் திரும்பும். பந்தை யாரும் தொடும் முன்பே அந்தக் கார்டு எதிரணித் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கரை இடித்துத் தள்ளியிருந்தால் இன்னும் மோசம்: தாக்கும் அணியின் பாஸ் குறுக்கீடு, 15 கெஜம்.

ஸ்கிரீனுக்கு மிக வசதியானது கல்லூரி விதிதான். தூரமும் அதிகம், கோட்டுக்குப் பின்னால் பிடித்தால் முழு விலக்கும் உண்டு. டெக்சாஸின் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் என்சிஏஏ விதிப்படியே ஆடுகின்றன. அங்கிருந்து வேறு மாநிலத்துக்குப் போகும் பயிற்சியாளர் முதலில் திருத்த வேண்டியது இந்த 3 கெஜப் பழக்கத்தைத்தான்.

கொடி விழுவதற்குப் பெரும்பாலும் நேரம் பிசகுவதே காரணம். நெருக்கடியில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பின்வாங்கிக்கொண்டே பந்தைப் பிடித்துவைத்திருப்பார். லைன்மேன்களோ மனக்கணக்குப்படி கிளம்பிவிடுவார்கள். எதிரில் ஆளில்லாத சென்டர்தான் முதலில் மாட்டுவார். கோட்டுக்கு இணையாக எல்லைக்கோட்டை நோக்கி ஓடி, பந்து பறந்த பிறகே முன்னே திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டும். ரன்னிங் பேக் கோட்டுக்கு 3, 4 கெஜம் பின்னால் நின்று பிடிக்கட்டும். பந்தை நோக்கி ஓர் அடி முன்னே வந்தாலும் கோட்டைத் தாண்ட மாட்டார்.