பிலடெல்பியா வானொலி: ஈகிள்ஸா, சிக்ஸர்ஸா?

பிலடெல்பியாவின் விளையாட்டு வானொலியான டபிள்யூஐபி-யில் எந்த மாதமானாலும் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் பேச்சுதான் ஓங்கி நிற்கும். ஆனால் கேட்கச் சுவை எந்தப் பேச்சு, ஈகிள்ஸா, சிக்ஸர்ஸா? 2024-25 பருவத்தில் ஈகிள்ஸ் பேச்சுக்குக் காரணமும் இருந்தது. ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி அந்தப் பருவத்தில் பந்தோடு 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரி 9 அன்று நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஈகிள்ஸின் கூப்பர் டிஜீன், தன் 22-ஆவது பிறந்தநாளில், எதிரணி சீஃப்ஸின் மஹோம்ஸ் எறிந்த பந்தை இடைமறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் (ஆறு புள்ளி) போட்டார். சீஃப்ஸுக்கு எதிராக 40-22 வெற்றி. கொண்டாடலாம், சரி. ஆனால் அதில் வாதாட என்ன மிச்சம்?

அதே பருவத்தில் கூடைப்பந்து அணியான சிக்ஸர்ஸ் 24 வெற்றி, 58 தோல்வி. புதிதாக வந்த வீரர் பால் ஜார்ஜுக்கு நான்கு ஆண்டுக்கு சுமார் 21 கோடி டாலர் ஒப்பந்தம். அவர் ஆடியது 41 ஆட்டம். இடது முழங்கால் படுத்திய பாட்டில் அணியின் நட்சத்திரம் எம்பீட் ஆடியது வெறும் 19. கடைசிக் கோப்பை 1983-இல். 2019-இல் டொராண்டோவில் எதிரணியின் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்து சிக்ஸர்ஸை வெளியேற்றியதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

என் ஓட்டு சிக்ஸர்ஸ் பேச்சுக்கே. எம்பீடைச் சுற்றியே அணியைக் கட்டுவதா, இன்னொரு வீரரான மேக்ஸியிடம் ஒப்படைப்பதா என்பது உண்மையான கேள்வி. நேயர்கள் கோபமாக அழைத்தாலும், அந்தக் கோபத்தில் அக்கறை இருக்கிறது.