அடிக்கடல் மீன்: கப்பலில் அளப்பதா, கரையில் அளப்பதா?

திருகோணமலைக் கடலடியில் வாழும் விளை, கலவாய் போன்ற மீன்கள் ஆண்டுக்காண்டு எப்படி இருக்கின்றன என்று அறிய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று ஆய்வுக் கப்பல். ஒரே வலையை ஒரே வேகத்தில் இழுப்பதால் சந்தைக்கு வராத சிறுமீனும் கணக்கில் சேரும். ஆனால் பாறையில் வலை கிழியும். கொட்டியாரக் குடாவிலிருந்து இறங்கும் ஆழ்பள்ளத்தில் இழுக்கவே முடியாது. செலவும் பெரிது. நான்சென் என்ற நோர்வே ஆய்வுக் கப்பல் 1978–80இல் இலங்கைக் கடலை ஆய்ந்தது. அதே பெயர்கொண்ட புதிய கப்பல் மறுபடி வந்தது 2018இல்.

மற்றது, விடிகாலையில் படகு கரைக்கு வரும்போது அளவுப் பலகையோடு நிற்பது. மீனை ஈரப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால்வரை நீளம் பார்க்கவேண்டும், பிறகு எடை, வயிற்றைக் கீறினால் சினை. கலவாய்களில் பெரும்பாலானவை பெண்ணாக முதிர்ந்து, பிறகே ஆணாக மாறும். பெரியவை வரத்து குறைந்தால் ஆண் மீன் அருகுகிறது என்று அஞ்சவேண்டும். தூண்டில் எல்லா அளவு மீனையும் பிடிக்காது என்பது உண்மை. அதனால் கொளுக்கி அளவு, ஆழம், தொழில் செய்த நேரம் மூன்றையும் படகுக்கார அண்ணன்மாரிடம் கேட்டு எழுதியே ஆகவேண்டும்.

என் தேர்வு கரைதான். மாதம் தவறாமல் அளக்கலாம். கப்பல் வரும் ஆண்டில் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.