ரோலெக்ஸின் வயதும் சீரியல் அட்டவணையும்

பழைய ரோலெக்ஸ் வாட்ச் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஓடுவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சீரியல் எண் அட்டவணைகளிடம்தான். எண்ணைப் போட்டால் வருடம் வந்து விழும். டேட்ஜஸ்ட் என்ற ரோலெக்ஸ் மாடல் ஒன்றை வாங்கும்போது நானும் நாலைந்து அட்டவணைகளைப் பார்த்தேன். அவற்றுக்கு ஐந்துக்கு மூன்று மார்க் கொடுப்பேன், அதற்கு மேல் மனசு வரவில்லை.

விற்பவர் 1998 வாட்ச் என்றார். அனுப்பிய படங்கள் ஒன்றிலும் எண் தெரியவில்லை, கேட்டால் மழுப்பல். அந்தக் கால வாட்சுகளில் எண் ஆறு மணிப் பக்கம், கேஸோடு (வாட்சின் உலோக உடல்) பிரேஸ்லெட் சேரும் இடுக்கில் இருக்கும், கழற்றினால்தான் கண்ணில் படும். (பன்னிரண்டு மணிப் பக்கம் இருப்பது மாடல் எண். அதைப் போட்டுவிட்டு வருடம் வரவில்லையே என்று முழிப்பவர்கள் உண்டு.) நேரில் போய், கழற்றிக் காட்டுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். எண்ணின் முதல் எழுத்து ஆங்கில 'என்' (N).

1987-ல்தான் ரோலெக்ஸ் எண்ணுக்கு முன்னால் எழுத்து சேர்க்க ஆரம்பித்தது. ஆர், எல், இ, எக்ஸ் என்று தன் பெயரையே எழுத்துக்கூட்டியது, ஓ மட்டும் இல்லை, பூஜ்யம் மாதிரி இருக்குமே. அதற்கடுத்து வந்தது என். ஒரு அட்டவணை 1991 என்றது, இன்னொன்று 1992 வரை இழுத்தது. இதெல்லாம் ரோலெக்ஸ் வெளியிட்ட கணக்கு இல்லை, சேகரிப்பவர்களும் வியாபாரிகளும் சேர்த்துக் கட்டியது, அதனால் ஒரு வருடம் முன்னே பின்னே இருப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் சொன்ன 1998 எங்கிருந்து வந்தது?

லென்ஸை வைத்து டயலின் கீழ்விளிம்பில் பார்த்ததும் புரிந்தது. வெறும் 'சுவிஸ் மேட்' என்று இருந்தது. 1991 வாட்சில் அதற்கு இரண்டு பக்கமும் 'டி' என்ற எழுத்து இருந்திருக்க வேண்டும், இருட்டில் ஒளிர ட்ரிட்டியம் பூசியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. 1998 வாக்கில்தான் ரோலெக்ஸ் ட்ரிட்டியத்தைக் கைவிட்டது. ஆக டயல் பிற்பாடு மாற்றியது, அவர் சொன்ன 1998-ம் அதை வைத்துத்தான் இருக்கும். கேட்டதும், ஆமாம் சார், சர்வீஸில் மாற்றினார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். இந்த விஷயத்தை எந்த அட்டவணையும் சொல்லாது, அது சொல்வது கேஸின் வயதை மட்டும். போலி வாட்சில் அசல் எண்ணையே பொறித்து வைத்திருந்தாலும் அட்டவணை பாட்டுக்கு ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டுப் போகும்.

1950களின் நடுவில் எண்கள் பத்து லட்சத்தை நெருங்கியதும் மறுபடி கீழிருந்து ஆரம்பித்தார்கள், அதனால் சில ஆறு இலக்க எண்களுக்கு இரண்டு வருடங்கள் பொருந்தும். அப்படிப்பட்ட வாட்ச் என்றால் பின்மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், காலாண்டை ரோமன் எண்ணிலும் பக்கத்தில் வருடத்தையும் அச்சடித்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. 2010-க்குப் பிறகு வந்தவற்றுக்கு அட்டவணை சுத்தமாக உதவாது, எண்ணும் எழுத்தும் வரிசையே இல்லாமல் கலந்து வருகிறது. வாரண்டி கார்டு இருந்தால் உண்டு, அதிலும் இருப்பது விற்ற தேதி. படேக் பிலிப் தன் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்த தேதி, விற்ற தேதி இரண்டையும் எழுதிக் கொடுக்கிறது. ரோலெக்ஸில் அந்த வசதி கிடையாது.

கடைசியில் அந்த டேட்ஜஸ்டை வாங்கிவிட்டேன், 1991 வாட்சுக்கு உண்டான விலையில். ரசீதில் முழு எண்ணையும் டயல் மாற்றியதையும் எழுதச் சொன்னேன். பழைய டயல் எங்கே என்று கேட்டதற்கு, சர்வீஸில் திருப்பித் தரவே இல்லை என்றார்.